திருநெல்வேலியில் விழுந்த கம்பைலர்

பயிற்சியாளர் முதல் வகுப்பிலேயே விதியைச் சொல்லிவிட்டார். கம்பைலர் தவறு செய்யாது; தவறு செய்வது நாம்தான். இதை இந்தியில், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசுவதைப் போலச் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது. அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை வாங்கி, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். நிரலில் குறை இருந்தால் மாற்ற மறுக்கும். எந்த வரியில் என்ன குறை என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். பத்திரிகை வேலையில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. என் முதல் செய்தி ஆசிரியரும் அதைத்தான் செய்தார். அம்புக்குறிதான் போடமாட்டார், காகிதத்தை முகத்தில் எறிவார்.

பயிற்சி நிலையம் டெல்லி கரோல் பாகில், கல்யாண லெஹங்கா விற்கும் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டில் தலையில்லாத பொம்மைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றை விலக்கிக்கொண்டு ஏற வேண்டும். சனிக்கிழமை காலை வகுப்பு. கீழே கடைப் பையன் வாடிக்கையாளர்களை அழைக்கும் குரல் வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாங்கள் யாரும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. நான் வேலை பார்த்தது பத்திரிகைகளுக்குச் செய்தி விற்கும் ஒரு நிறுவனத்தில். அதன் டெல்லி அலுவலகத்தில் ஒரு காலத்தில் பல மொழிகளுக்குத் தனித்தனி டெஸ்க், அதாவது ஆசிரியர் குழு, இருந்தது. மொழிபெயர்ப்பை இயந்திரம் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மூடினார்கள். இந்தி, ஆங்கிலம், தமிழ் மட்டும் மிஞ்சின. தமிழ் டெஸ்க்கில் மிஞ்சியது இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவர் திருநெல்வேலிக்காரப் பெண்மணி.

அந்தக் குளிர்காலத்தில் மேலாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக ஒரு தரவுப் பிரிவு வரப்போகிறது. வானிலை, சந்தை விலை போன்ற அட்டவணைகளை இனி நிரல்களே தயாரிக்கும்; அவற்றை எழுதிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தமிழுக்கு ஓர் இடம். நிறுவனச் செலவில் பயிற்சி, முடிவில் தேர்வு. தேறுபவர் தொடரலாம். மற்றவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அவர் இதையெல்லாம் மிகக் கனிவாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், “எனி கொஸ்சன்ஸ்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தார்.

வெளியே வந்ததும் திருநெல்வேலிக்காரர் என்னிடம் சொன்னார்: “சார், நான் பச்சையாச் சொல்லிடுதேன். எனக்கு இந்த வேலை வேணும். உங்களுக்கு மயூர் விஹார்ல சொந்த ஃபிளாட் இருக்கு. எனக்கு முனிர்காவுல வாடகை ரூம். வேலை போச்சுன்னா அடுத்த மாசம் நான் ஊர்லதான் நிக்கணும்.”

“ஃபிளாட்டைக் கடிச்சுச் சாப்பிட முடியாது, மேடம். எனக்கும் வேணும்” என்றேன்.

“அப்ப சரி. பாத்துக்கிடுவோம்.”

எனக்கு அவரைப் பிடிக்காது. என்னைப் பிடிக்காது என்பதை அவரும் மறைத்ததில்லை. அவர் எழுதும் முதல் பத்தியில் எப்போதும் ஒரு ‘பரபரப்பு’ இருக்கும். நான் அதை எடுத்துவிடுவேன். நான் வைக்கும் தலைப்பை, நான் மெட்ரோவைப் பிடிக்கக் கிளம்பியதும் அவர் மாற்றிவிடுவார். மறுநாள் காலை இருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். பல வருடங்கள் இப்படியே ஓடின.

பயிற்சி நிலையத்தில் கணினிகள் குறைவு. பயிற்சியாளர் கையை நீட்டி, “தமிழ் டெஸ்க், ஏக் மஷீன்” என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே கணினி, ஒரே கீபோர்டு. அவர் செய்ததிலேயே பெரிய கொடுமை அதுதான். அது அவருக்குத் தெரியாது.

டெஸ்க்கில் ஒருவர் அடித்தால் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பது எங்கள் பழக்கம். அதை அங்கேயும் கொண்டுபோனோம். நான் அடிக்கும்போது அவர் பேனாவின் மூடியால் திரையைத் தட்டுவார். அவர் அடிக்கும்போது நான் தொண்டையைச் செருமுவேன். சிறிது நேரம் கழித்து யாராவது ஒருவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, ஊர்களின் பெயரையும் வெப்பநிலையையும் வைத்து ஓர் அட்டவணை தயாரிப்பது. நிரல் தரும் அட்டவணை அந்தந்த டெஸ்க்கின் மொழியில், அந்த மொழியின் எழுத்தில் வர வேண்டும் என்பது மேலாளரின் கண்டிப்பான உத்தரவு. இந்தி டெஸ்க்காரர்களுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் இந்தியாக மாற்றித் தரும் ஒரு துணை நிரலைப் பயிற்சியாளரே எழுதிக் கொடுத்திருந்தார். தமிழுக்கு அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். “ஆப் பனா லீஜியே, அங்கிள் ஜி” என்றார். நீங்களே செய்துகொள்ளுங்கள். ஆகவே நாங்கள் டெஸ்க்கில் செய்வதைப் போல ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே அடித்தோம். நாங்கள் கற்ற நிரல் மொழி அதை அனுமதிக்கிறது என்று பாடநூலே சொல்லியது.

சென்னை, கோவை, மதுரை, சேலம் என்று நான் அடித்துக்கொண்டு போனேன். நடுவில் சில வரிகளை அவர் அடித்தார். திருநெல்வேலி என்று நான் அடித்து முடித்ததும் அவர் கீபோர்டை வெடுக்கென்று இழுத்தார்.

“எங்கூரு வெயில நான் அடிக்கேன். நீங்க கம்மியாப் போட்டுருவீய.”

“இது பயிற்சி, மேடம். எதைப் போட்டாலும் ஒண்ணுதான்.”

“அப்ப நான் போட்டாலும் ஒண்ணுதான.”

அந்த வரியின் மீதியை அவர் அடித்தார். ஓட்டிப் பார்த்தோம்.

திரையில் ஒரு பக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாக எழுத்துகள் கொட்டின. வழக்கமான அம்புக்குறியைக் காணோம். எந்த வரி என்ற தகவலும் இல்லை. கம்பைலர் தன் உள்ளே இருந்த எதையெதையோ வெளியே தள்ளிவிட்டு நின்றுபோயிருந்தது.

“என்ன செஞ்சீய?” என்றார் அவர்.

“நான் என்ன செஞ்சேன்? கடைசியா தொட்டது நீங்க.”

பயிற்சியாளர் வந்து பார்த்தார். குனியக்கூட இல்லை. “அரே, இதுவரை யாரும் இதைச் செய்ததில்லை” என்று வகுப்புக்கு அறிவித்தார். இந்தி டெஸ்க்கின் மூத்தவர், வாயில் ஏலக்காயை மென்றபடி, “மதராஸி வைரஸ்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவரும் பல ஆண்டுகளாக ஒரே கேன்டீனில் ராஜ்மா சாவல் சாப்பிட்டவர்கள். அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமைகளிலும் சொன்னார்.

படித்துத்தான் நான் பிழைப்பு நடத்தினேன். ஆகவே அந்தக் குப்பையை மேலிருந்து கீழே முழுவதும் படித்தேன். நடுவில் ஓர் ஆங்கில வாக்கியம் தெளிவாக இருந்தது: எதிர்பாராத விதமாகக் கம்பைலர் செயலிழந்துவிட்டது, இது கம்பைலரின் பிழை, தயவுசெய்து தெரிவிக்கவும்.

மின்வாரியம், ரயில்வே, வங்கி, வீட்டுவசதிச் சங்கம் என்று எத்தனையோ இடங்களின் அறிக்கைகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். தவறு எங்களுடையது என்று அவற்றில் ஒன்றுகூட எழுதிப் பார்த்ததில்லை. இப்போது ஓர் இயந்திரம் அதைச் சொல்லியது. அந்த அறையில் ஒருவரும் அதை நம்பத் தயாராக இல்லை. நானும் நம்பவில்லை. எனக்குத் திருநெல்வேலிக்காரர் மேல்தான் சந்தேகம்.

பயிற்சியாளரிடம் அந்த வாக்கியத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். “மருத்துவமனையில் எல்லாப் படிவத்திலும் வழக்கத்துக்கு ஒரே வாசகத்தை அச்சடித்திருப்பார்கள் இல்லையா? அப்படித்தான். உலகம் முழுவதும் லட்சம் பேர் இந்தக் கம்பைலரைப் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கப் போவது நீங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவன் எல்லாவற்றையும் தன் தவறாக எடுத்துக்கொள்வான். எங்கள் விஷயத்தில் ஒரே வித்தியாசம், பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். ஆகவே நாங்கள் இருவருமே அதை அடுத்தவரின் தவறாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வகுப்பில் அதே நிரலைத் திறந்து, தவறு அவருடையதுதான் என்று நிரூபிக்கப் புறப்பட்டேன். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு, அவர் அடித்த வரிகளை எல்லாம் அழித்தேன்.

“என் வரியை என்னத்துக்கு வெட்டுதீய? அங்கதான் வெட்டுனீயன்னா இங்கயுமா?”

“பாருங்க, இப்ப ஓடும்.”

ஓடவில்லை. அதே சிவப்புக் குப்பை கொட்டியது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு திருப்தியை அவர் முகத்தில் நான் டெஸ்க்கில் பார்த்ததில்லை.

“என் வரி ஒண்ணுகூட இல்ல. இப்ப யாரு சார் தப்பு? தள்ளுங்க.”

அவர் பிரதியைத் திறந்து நான் அடித்த வரிகளை அழித்தார். சென்னை போனது. கோவை, மதுரை, சேலம் போயின. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழித்தார். ஓட்டினார். அதே குப்பை.

இப்போது இருவரும் திரையைப் பார்த்தோம். அவருடைய வரிகள் இல்லாமலும் விழுகிறது. என்னுடைய வரிகள் இல்லாமலும் விழுகிறது. அப்படியென்றால் இரண்டு பிரதியிலும் இருக்கும் ஏதோ ஒன்று. தேடியபோது அகப்பட்டது. திருநெல்வேலி வரியை நான் அழிக்கவில்லை, ஊர்ப் பெயரை அடித்தது நான் என்பதால். அவரும் அழிக்கவில்லை, ஊர் அவருடையது என்பதால். இரண்டு பேரும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட ஒரே வரி அது.

மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் விட்டோம். கம்பைலர் விழுந்தது. வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த நிரல் மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். வரியின் பின்பாதியை அடித்தவர் அவர்.

“இதோ பாருங்க” என்றேன்.

“அரைப்புள்ளி விட்டா அம்பு போட்டுக் காட்டணும்லா? போன வாரம் அந்த ஹிந்திக்காரரு எத்தன விட்டாரு! அவருக்கெல்லாம் காட்டிச்சே?”

அது சரியான கேள்வி. அரைப்புள்ளி போட்டு ஓட்டினோம், ஓடியது. அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, திருநெல்வேலியை ஆங்கில எழுத்தில் அடித்தோம்; ஒழுங்காக அம்புக்குறி போட்டு, இங்கே அரைப்புள்ளி இல்லை என்றது. மறுபடியும் தமிழில் அடித்தோம், விழுந்தது. அவருடைய தவறு தனியாக இருந்தால் கம்பைலர் சமாளிக்கிறது. என்னுடைய தமிழ் தனியாக இருந்தாலும் சமாளிக்கிறது. இரண்டும் ஒரே வரியில் சேர்ந்தால் செத்துப்போகிறது.

காரணத்தைப் பிறகு இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நமக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் ‘தி’யைக் கணினி உள்ளே பல துண்டுகளாக வைத்திருக்கிறது. பிழை எங்கே என்று அம்புக்குறி போடப் போகும் கம்பைலர் துண்டுகளைத் தப்பாக எண்ணி, ஓர் எழுத்தின் நடுவில் வெட்டப் பார்க்கிறது. வெட்ட முடியாமல் தானே விழுகிறது. நிரலில் பிழை இல்லையென்றால் அம்புக்குறி போடும் தேவையே வராது, ஆகவே விழாது. அதை உருவாக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள். தமிழ் எழுத்துள்ள வரியில் அரைப்புள்ளியை மறக்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்திருக்காது. அந்தக் குழியில் விழ, கற்றுக்குட்டியாக இருக்க வேண்டும். கூடவே தமிழ் டெஸ்க்காகவும் இருக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் அந்த ஒற்றை வரியைக் காட்டினோம். அவர் ஓட்டிப் பார்த்தார். விழுந்தது. அரைப்புள்ளி போட்டு ஓட்டிப் பார்த்தார். ஓடியது. “தேக்கோ, பாருங்கள்! அரைப்புள்ளியை விட்டது யார்? நீங்கள். அப்போது தவறு யாருடையது?” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

கம்பைலரை உருவாக்குகிறவர்களுக்கே தெரிவிப்பது என்று முடிவு செய்தேன். அவர்களுடைய தளத்தில் யார் வேண்டுமானாலும் பிழையைப் பதியலாம். நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் எழுதினேன். மேலே தலைப்பு. பிறகு ‘புதுடெல்லி’ என்று ஊர். முதல் பத்தியில் என்ன நடந்தது, எங்கே, யாருக்கு. இரண்டாவது பத்தியில் பயிற்சியாளரின் மறுப்பு, ஏனென்றால் எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். கம்பைலரின் எந்த வெர்ஷன், என்ன வரி என்பதெல்லாம் விவரங்கள். விவரங்கள் செய்தியின் அடியில் வரும். அவற்றை அடியில் போட்டேன்.

அன்று மாலையே பதில் வந்தது. கதை வேண்டாம், என்ன வெர்ஷன், எந்த வரி என்று கேட்டு, பதிவை மூடிவிட்டார்கள். மூடியவர் கடைசிப் பத்தி வரை படிக்கவில்லை என்பது தெரிந்தது. நான் ஆயிரக்கணக்கான செய்திகளை முதல் பத்தியை மட்டும் படித்து ஒதுக்கியவன். ஆனாலும் கோபம் வந்தது.

திருநெல்வேலிக்காரர் என் பதிவைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “மறுப்பு வேற போட்டிருக்கீயளா? ‘பெயர் வெளியிட விரும்பாத வட்டாரங்கள்’ மட்டுந்தான் இல்ல.” பிறகு தானே ஒரு பதிவு போட்டார். வெர்ஷன், ஒரு வரி, திரையில் வந்த பிழைச் செய்தி. வேறொன்றும் இல்லை. ஊர்ப் பெயருக்குக்கூட விளக்கம் தரவில்லை.

அதற்கு வந்த பதில் இன்னும் சுருக்கம்: இது ஏற்கெனவே பதிவான பிழை. கீழே ஒரு சுட்டி. அதைத் திறந்தால், எங்கோ இருக்கும் இன்னொரு கற்றுக்குட்டி, தாய்லாந்து எழுத்தில் ஏதோ பெயரை அடித்து, இதே இடத்தில் இதேபோல விழுந்திருந்தார். அவருக்கும் முதலில் யாரோ ஒருவர், நிரல் மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள் என்று பதில் எழுதியிருந்தார். பிறகு யாரோ அதைச் சரிசெய்து, அடுத்த வெர்ஷனில் சேர்த்தும்விட்டார்கள். செய்தி நம்முடையது என்று ஓடிப்போனால் போட்டிப் பத்திரிகை எப்போதோ போட்டிருக்கும் இல்லையா, அந்த எரிச்சல்தான் எனக்கு. திருநெல்வேலிக்காரருக்கு அது இல்லை.

“சரியாகிடுச்சு சார். புது வெர்ஷனப் போட்டாப் போதும். பரீட்சைக்கு முன்னால போடச் சொல்லுவோம்.”

பயிற்சியாளர் மறுத்தார். பாடங்கள் எல்லாம் இந்த வெர்ஷனுக்கு எழுதப்பட்டவை, தேர்வும் இதில்தான். “தமிழில் எழுதாதீர்கள். அல்லது தப்பு இல்லாமல் எழுதுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்வது அவ்வளவு கஷ்டமா?” என்றார். அன்று மெட்ரோவில் ராஜீவ் சௌக் வரை ஒரே பெட்டியில் நின்றுகொண்டு வந்தோம். அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

தேர்வன்று ஆளுக்கு ஒரு கணினி கொடுத்தார்கள். கூடுதல் கணினிகளை வைக்கக் கீழ்க்கடையின் கிடங்கிலிருந்து இரண்டு மேசைகளை வாங்கிப் போட்டிருந்தார்கள். எனக்கு அடுத்த மேசையில் அவர். கேள்வித்தாளில் ஊர்களும் வெப்பநிலைகளும் கொடுத்திருந்தார்கள். அவற்றில் கரூர், பரங்கிப்பேட்டை போல நாங்கள் பயிற்சியில் தொடாத ஊர்களும் இருந்தன. கேள்விகள் மூன்று: அட்டவணை தயாரிப்பது, வெயில் அதிகமான ஊர் மேலே வரும்படி அடுக்குவது, கடைசியாக முந்தைய நாளோடு ஒப்பிடுவது.

என் கண்ணை நம்பி நேராகத் தமிழில் அடித்துக்கொண்டு போனேன். தப்பில்லாமல் அடிப்பவன் என்று டெஸ்க்கில் எனக்குப் பெயர் உண்டு. ஓட்டினேன். சிவப்புக் குப்பை. எங்கோ ஒரு தவறு. எங்கே என்று கம்பைலர் சொல்லாது. வெட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசி வரியிலிருந்து வெட்டத் தொடங்கினேன். செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், அதைத் தொடக்கூடாது. இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தி போகும், பிறகு அதற்கு மேலுள்ளது. அது யோசித்துச் செய்வதல்ல, விரல்கள் தாமாகச் செய்வது. ஒவ்வொரு வரியாக வெட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டி, மேலே மேலே ஏறினேன். தவறு இரண்டாவது வரியில் இருந்தது, விட்டுப்போன ஒரு மேற்கோள் குறி. அதைச் சரிசெய்து வெட்டியதை எல்லாம் திரும்ப ஒட்டியபோது, கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லை.

இடையில் ஒருமுறை பக்கத்து மேசையைப் பார்த்தேன். அவர் தனியாக ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஊர்ப் பெயர்களை மட்டும் தமிழில், ஒரு வரிக்கு ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தார். நிரலில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. நிரல் ஓடும்போது அந்தக் கோப்பைப் படித்துப் பெயர்களை எடுத்துக்கொள்ளும். கம்பைலரின் கண்ணில் தமிழ் படவே படாது. அதனால் அவர் எத்தனை அரைப்புள்ளியை விட்டாலும், இந்தி டெஸ்க்காரருக்குக் காட்டுவதுபோல அம்புக்குறி போட்டுக் காட்டும். நிறைய விட்டார். காட்டியது. திருத்திக்கொண்டு போனார். மூன்று பகுதிகளையும் முடித்தார்.

திங்கட்கிழமை மேலாளர் எங்களைக் கூப்பிட்டபோது பயிற்சியாளரும் அறையில் இருந்தார். அவருடைய புகார் இது: அந்தம்மாவின் நிரலில் ஊர்ப் பெயர்களே இல்லை. அவை வேறொரு கோப்பில் இருக்கின்றன. அதை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். இது காப்பியடிப்பது. அவரைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும்.

“நான் அங்க உக்காந்து அடிச்சேன்” என்று அவர் இந்தியில் சொன்னார். குரல் உடைந்தது. டெல்லியில் அத்தனை வருடங்களில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

“யார் பார்த்தார்கள்?” என்றார் பயிற்சியாளர்.

மேலாளர் என்னைப் பார்த்தார். “நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் அல்லவா?”

அந்தப் பெண்மணி நீக்கப்பட்டால் தமிழுக்கு மிஞ்சுவது நான். அறையில் இருந்த நால்வருக்கும் இது தெரியும். திருநெல்வேலிக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிர்கா அறையை எந்தத் தேதியில் காலி செய்வது என்று கணக்குப் போடத் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அவரைப் பிடிக்காது. பயிற்சியாளரை அதைவிடப் பிடிக்காது. நான் பேசியதற்குப் பெருந்தன்மை காரணமல்ல. ஆதாரமில்லாத ஒரு புகாரை ஆதாரத்தோடு வந்ததுபோல ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குப் பழக்கம் இல்லை.

“அந்தக் கோப்பைத் திறங்கள்” என்றேன். திறந்தார்கள். பயிற்சியாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; மேலாளருக்கும் தெரியாது. நான் ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினேன். கேள்வித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். “கேள்வித்தாளில் உள்ள அதே ஊர்கள், அதே வரிசை. கரூரும் பரங்கிப்பேட்டையும் பயிற்சியில் ஒருநாளும் வரவில்லை. கேள்வித்தாளைப் பார்க்காமல் இதை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது. கேள்வித்தாளை முன்பே யாராவது கொடுத்திருந்தால் தவிர. அது இவர் கையில்தான் இருந்தது.” பயிற்சியாளரைக் காட்டினேன். “தவிரவும், அவர் அடிப்பதை நான் பார்த்தேன்.”

மேலாளர் பயிற்சியாளரிடம், பெயர்களைத் தனிக் கோப்பில் வைப்பது தவறான முறையா என்று கேட்டார். பயிற்சியாளர் வேறு வழியில்லாமல், முறை தவறல்ல, பாடத்தில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்றார்.

“ஆனால் உங்களுடைய கம்பைலர் விழுகிறதாமே?” என்றார் மேலாளர்.

“அது பழைய வெர்ஷன், சார்” என்றார் பயிற்சியாளர். கம்பைலரின் தவறு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இடம் திருநெல்வேலிக்காரருக்குக் கிடைத்தது. வராந்தாவில் லிஃப்டுக்காக நின்றபோது அவர் சொன்னார்: “நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன் சார். உள்ளதத்தான சொன்னீய.”

“சொல்ல வேண்டாம்.”

“கீழேருந்து வெட்டுனீயளா? நானும் ஓரக்கண்ணால பாத்துட்டுத்தான் இருந்தேன். ‘மேலேருந்து பாருங்க’ன்னு சொல்லலாம்னு வாய் வரை வந்துச்சு.”

“ஏன் சொல்லலை?”

“ஏன் சொல்லணும்?” என்றார்.

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

என் ஒப்பந்தம் வெயில் காலத்தில் முடிந்தது. கடைசி நாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். தரவுப் பிரிவு அடுத்த தளத்தில் அமையவிருந்தது. அங்கே நாற்காலிகள் இன்னும் வந்துசேரவில்லை. அவர் வந்து நின்றார். பார்வை என் மேல் இல்லை, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல்.

“சார், நீங்க எந்திரிச்ச பெறகு இத நான் மேல கொண்டுபோய்க்கிடலாமா? வேற யாரும் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால.”

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதன் பின்சக்கரம் ஒன்று கழன்றுவிழும் நிலையில் இருப்பதை, உட்கார்ந்து பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.